பதிமூன்று நிமிஷத்துக்கு ஓர் உரை

ஒரு புத்தகத்தைப் பற்றி ரெண்டு பேர் ஒரு மணி நேரம் பேசுவதை மூன்றாவது ஆள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதற்குப் பெயர் பாட்காஸ்ட். நம் திண்ணைகளுக்கு இது புதுசில்லை. திண்ணையில் என்றால் மூன்றாவது ஆள் நடுவில் புகுந்து, ‘அதெல்லாம் சரிங்க, அந்தக் கடைசி அத்தியாயம் ஏன் அப்படிச் சொதப்பல்?’ என்று கேட்டுவிடலாம். இதில் முடியாது. பஸ்ஸில் தொங்கியபடி, பாத்திரம் கழுவியபடி, ட்ரெட்மில்லில் மூச்சு வாங்கியபடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனவே நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வியை உள்ளே உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் கேட்டாக வேண்டும். கேட்கிறாரா?

நான் கேட்பது பெரும்பாலும் ரெண்டு ரகம். ஒன்று, சமகால நாவல்கள் பற்றிய பேச்சு. மற்றது ராக்கெட், நிலா, செவ்வாய் வகையறா. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக் கேட்டு ஒரு விபரீதமான முடிவுக்கு வந்திருக்கிறேன். இலக்கிய விமர்சனம் என்று எதைச் சொல்கிறோமோ அது ராக்கெட் நிகழ்ச்சிகளில்தான் நன்றாக நடக்கிறது. இலக்கிய நிகழ்ச்சிகளில் நடப்பது பெரும்பாலும் விருந்தோம்பல்.

கோபப்படாதீர்கள். உதாரணத்தோடு சொல்கிறேன். அதிர்ஷ்டவசமாக, ரெண்டு ரகத்துக்கும் பொதுவாக ஒரு நாவல் கிடைத்திருக்கிறது.

சமந்தா ஹார்வி என்ற பிரிட்டிஷ் எழுத்தாளரின் ‘ஆர்பிட்டல்’ 2023-ல் வந்தது. 2024 நவம்பரில் அதற்குப் புக்கர் பரிசு கொடுத்தார்கள். மொத்தம் 136 பக்கம். புக்கர் வாங்கியவற்றில் இதைவிட ஒல்லியானது பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘ஆஃப்ஷோர்’ (1979) மட்டும்தான். விண்வெளியில் நடக்கிற கதைக்குப் புக்கர் கிடைத்ததும் இதுவே முதல் தடவை. கதை என்று பெரிசாக ஏதுமில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு பேர். ஒரு அமெரிக்கர், ஒரு ஜப்பானியப் பெண், ஒரு பிரிட்டிஷ் பெண், ஒரு இத்தாலியர், ரெண்டு ரஷ்யர்கள். அவர்களுடைய ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் பூமியை 16 தடவை சுற்றிவிடுகிறார்கள். அத்தியாயங்களுக்குச் சுற்றின் நம்பர்தான் பெயர். கீழே பிலிப்பைன்ஸை நோக்கி ஒரு பெரும் புயல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜப்பானியப் பெண் சியேவுக்கு ஊரில் அம்மா இறந்துபோன தகவல் வந்திருக்கிறது. திரும்பிப் போக முடியாது. ஒரு நாளில் 16 காலையும் 16 மாலையும் பார்க்கிற இடத்தில், அம்மா செத்த நாள் எப்போது முடிகிறது? இதுதான் நாவல்.

ஹார்வி விண்வெளிக்குப் போனவரில்லை. நிலையத்தின் காமிராக்கள் அனுப்பும் நேரடி வீடியோவை வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்து எழுதியிருக்கிறார். நிஜமாகவே போய் வந்தவர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கும்போது நாம் எழுத என்ன இருக்கிறது என்று நடுவில் தைரியம் போய், கொஞ்ச காலம் மூடிவைத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இப்போது பாட்காஸ்ட்டுகளுக்கு வருவோம். பரிசுக்குப் பின் இந்த நாவலைப் பற்றிய பேச்சுகள் சிலவற்றை வரிசையாகக் கேட்டேன். முதல் கேள்வி, இந்த ஐடியா எப்படி வந்தது? ரெண்டாவது, ஆராய்ச்சியெல்லாம் எப்படிப் பண்ணினீர்கள்? மூன்றாவது, டிக்கெட் கொடுத்தால் போவீர்களா? (போக மாட்டாராம், பயம்.) நாலாவது, விருது அறிவித்தபோது என்ன தோன்றியது? நடு நடுவே ‘என்ன அழகான புத்தகம்’ என்ற வாக்கியம் தூவப்படுகிறது, உப்புமாவில் முந்திரி மாதிரி. கேட்டு முடித்தால் ஹார்வியின் மேல் மரியாதை வருகிறது. அடக்கமான, நிதானமான, நல்ல மனுஷி. ஆனால் நாவலைப் பற்றி என்ன தெரிந்தது என்று யோசித்தால், பின்னட்டையில் இருப்பதைவிட ஒரு சொட்டு அதிகம்.

யாரும் பேசாத விஷயங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். முதல் புகார்: அந்த ஆறு பேரும் ஒரே குரலில் யோசிக்கிறார்கள். ரஷ்யரின் எண்ணத்தில் தொடங்கி இத்தாலியரின் எண்ணத்துக்குப் போகும்போது பெயரைப் பார்த்தால்தான் ஆள் மாறியது தெரிகிறது. ஆறு பேரும் ஒரே மாதிரி மென்மையாக வியக்கிறார்கள். மாசக்கணக்கில் ஒரு டப்பாவுக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டு கிடக்கும் ஆறு பேரில், எரிச்சலூட்டுகிற ஒரு ஆள்கூடவா இருக்க மாட்டார்? நம் வீட்டில் மூணு பேர் நாலு நாள் லீவுக்கு ஒரே அறையில் தங்கினாலே போதுமே. ஒருவேளை இந்த ஒரே குரல் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நாட்டு எல்லை தெரியாது என்பதுபோல, ஆளுக்கு ஆள் உள்ள எல்லையும் தெரியாது என்று ஹார்வி காட்ட நினைத்திருக்கலாம். இது நல்ல சண்டைக்கான விஷயம். யாராவது கேட்டிருந்தால் ஹார்வியும் சுவாரஸ்யமாகப் பதில் சொல்லியிருப்பார். கேட்டவர்களாக எனக்கு அகப்படவில்லை.

இன்னொன்று, அழகு. பக்கத்துக்குப் பக்கம் பூமி ஜொலிக்கிறது. நீலம், வெள்ளி, தங்கம், துருவ ஒளியின் பச்சை. முதல் 40 பக்கத்துக்கு வாயைப் பிளந்து படித்தேன். அதற்கப்புறம் திருநெல்வேலி அல்வா அரைக் கிலோ சாப்பிட்ட உணர்வு. இது குறையா, அல்லது விண்வெளி வீரர்களுக்கே வரக்கூடிய அந்தத் தெவிட்டலை வாசகனுக்கும் கொடுக்கிற உத்தியா? தெரிந்துகொள்ள ஆசை. ‘என்ன அழகான புத்தகம்’ என்று ஆரம்பித்துவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

இனி, ராக்கெட் பக்கம்.

2019-ல், மனிதன் நிலாவில் கால் வைத்த ஐம்பதாம் ஆண்டில், பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் ஒரு தொடர் வெளியிட்டது. ‘13 மினிட்ஸ் டு த மூன்.’ தொகுத்துச் சொல்பவர் கெவின் ஃபாங், தொழிலால் டாக்டர், மயக்க மருந்து நிபுணர். பேசப்படும் விஷயம் ரொம்பச் சின்னது. 1969 ஜூலை 20 அன்று ‘ஈகிள்’ என்ற கலம் இறங்குவதற்காக எஞ்சினைப் பற்றவைத்ததிலிருந்து தரையைத் தொடும்வரை ஆன சுமார் பதிமூன்று நிமிஷம். அந்த நேரத்தில் ஹூஸ்டனுக்கும் ஈகிளுக்கும் இடையிலும், ஹூஸ்டனில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இடையிலும் நடந்த பேச்சு ஒலிப்பதிவாக இருக்கிறது. கரகரப்பும் இரைச்சலுமாக, பாதிக்குமேல் எண்களும் சங்கேதச் சொற்களுமாக. அதை முதல் தடவை கேட்டால் ஒரு எழவும் புரியாது. அந்தப் பதிமூன்று நிமிஷத்தைப் புரியவைக்க மணிக்கணக்கில் ஒரு தொடர்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றுகிறதா? ரெண்டு வரிக் குறளுக்குப் பரிமேலழகர் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். பதவுரை, கருத்துரை, விசேஷ உரை. சொல்லுக்குப் பொருள், சொன்னவன் யார், யாரிடம் சொன்னான், எந்தச் சூழ்நிலையில், ஏன் அந்தச் சொல்லைப் போட்டான், வேறு சொல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். ஃபாங் செய்தது அதைத்தான்.

ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 1202.

இறங்கிக்கொண்டிருக்கும்போது கலத்தின் கம்ப்யூட்டர் இந்த எண்ணைக் காட்டி அலறுகிறது. இது என்னவென்று சொல்லுங்கள் என்று ஆர்ம்ஸ்ட்ராங் கேட்கிறார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம், மயிரிழை அளவு, இறுகியிருக்கிறது. அரை நிமிஷத்துக்குள் ஹூஸ்டனிலிருந்து சார்லி ட்யூக் பதில் சொல்கிறார்: அந்த அலாரம் பரவாயில்லை, மேலே போங்கள். காதில் விழுவது இவ்வளவுதான். மொத்தமே மூணு நாலு வாக்கியம்.

உரை இங்கே தொடங்குகிறது. 1202 என்றால் கம்ப்யூட்டருக்கு வேலை அதிகமாகிவிட்டது, எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை என்று அர்த்தம். அந்தக் கம்ப்யூட்டரின் நிரந்தர நினைவகம் சுமார் 72 கிலோபைட். உங்களுக்கு இன்று காலை வந்த ரோஜாப்பூ குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிசு. இறங்கும்போது தேவைப்படாத ஒரு ரேடார் அதன் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, எம்ஐடியில் புரோகிராம் எழுதியவர்கள், வேலை அதிகமானால் முக்கியமில்லாததைத் தூக்கிப் போட்டுவிட்டு முக்கியமானதை மட்டும் தொடரும்படி எழுதிவைத்திருந்தார்கள். ஆக, அலாரம் என்பது ‘செத்தேன்’ என்ற அலறல் கிடையாது. ‘சமாளிக்கிறேன், தொந்தரவு செய்யாதே’ என்ற முனகல். இது பதவுரை.

அடுத்தது, பதில் சொன்னது யார்? ட்யூக் வெறும் வாய்தான். அவருக்குப் பின்னால் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. இறங்கலாமா, திரும்பலாமா என்று இந்த விஷயத்தில் சொல்ல வேண்டிய ஆள். பேல்ஸுக்குப் பின்னால், பக்கத்து அறையில், ஜாக் கார்மன், வயது 24. கொஞ்ச நாள் முன்பு நடந்த ஒத்திகையில் இதே மாதிரி ஒரு அலாரம் அடித்தது. குழு பதறிப்போய் இறங்குவதையே ரத்து செய்தது. தேவையில்லாத ரத்து. அதற்கப்புறம்தான் எல்லா அலாரத்துக்கும் பதில் தயார் செய்யச் சொல்லி மேலிடம் கறாராகச் சொன்னது. கார்மன் ஒரு தாளில் கையால் பட்டியல் எழுதி, மேஜையில் கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நிஜ அலாரம் அடித்தபோது அந்தத் தாள் பேசியது. தாளிலிருந்து கார்மன், கார்மனிடமிருந்து பேல்ஸ், அங்கிருந்து ட்யூக், ட்யூக்கிடமிருந்து 1.3 விநாடி பயணம் செய்து நிலாவுக்கு.

இதெல்லாம் தெரிந்தபிறகு தொடரின் முடிவில் அந்தப் பதிமூன்று நிமிஷத்தை மறுபடி போடுகிறார்கள். நம்பினால் நம்புங்கள், அதே கரகரப்பு, அதே எண்கள், இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. யார் தயங்குகிறார், யார் தயங்காத மாதிரி நடிக்கிறார் என்பதுகூடத் தெரிகிறது. எரிபொருள் இன்னும் 60 விநாடிக்கு, 30 விநாடிக்கு என்று ஹூஸ்டன் சொல்லும்போது என் கை தோசைக் கரண்டியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. இறங்கிவிட்டார்கள் என்பது எனக்கு ஐம்பது வருஷமாகத் தெரியும். தோசை கருகியது.

நல்ல விமர்சனம் செய்யும் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏற்கெனவே நம் கையில் இருந்த ஒரு பொருளைத் திரும்பக் கொடுக்கிறது. வாங்கிப் பார்த்தால் அது முன்பைவிடக் கனமாக இருக்கிறது.

முழுக்கப் புகழ்ந்துவிடுவதற்கில்லை. தொடருக்கு இசை ஹான்ஸ் ஸிம்மர். ஹாலிவுட்டில் கிரகங்களுக்கிடையே ஆர்கன் வாசித்துப் பழகியவர். பின்னணியில் அது வீங்கும்போதெல்லாம், ‘அய்யா, 24 வயசுப் பையன் தாளைத் தேடுகிறான், அவன் மூச்சு கேட்கட்டும், கொஞ்சம் சும்மா இருங்கள்’ என்று சொல்லத் தோன்றியது. பதிவே பதற்றமாக இருக்கும்போது பதற்றத்துக்குப் பின்னணி இசை எதற்கு?

ஏன் இலக்கியக்காரர்களால் இதைச் செய்ய முடிவதில்லை? காரணம் சுலபம். ராக்கெட் நிகழ்ச்சியில் நடுவில் ஒரு பொருள் இருக்கிறது. ஒலிப்பதிவு. அது பேச்சாளரைவிடப் பெரிசு. ட்யூக்கோ பேல்ஸோ நினைவு பிசகி ஏதாவது சொன்னால் நாடா அவரைத் திருத்திவிடும். நாவல் நிகழ்ச்சியில் நடுவில் எழுத்தாளர் இருக்கிறார். புத்தகம் எங்கேயோ பைக்குள் இருக்கிறது. எழுத்தாளர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, ‘உங்கள் ஆறு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறார்களே’ என்று எப்படிக் கேட்பது? மேலும், பேட்டி எடுப்பவரும் பாதி நேரம் நாவலாசிரியர்தான். அவர் புத்தகம் அடுத்த சீசனில் வருகிறது. நம்மூர் வெளியீட்டு விழாக்களில், ‘நேரமின்மையால் நூலை முழுமையாக வாசிக்க இயலவில்லை, ஆனாலும்’ என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுகிறவர்களை எனக்கு ஞாபகம் வருகிறது. அதில் ஒரு நேர்மையாவது உண்டு.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. ‘நியூயார்க்கர்’ பத்திரிகையின் ஃபிக்‌ஷன் பாட்காஸ்ட் 2007-லிருந்து வருகிறது. பத்திரிகையின் கதைப் பகுதி ஆசிரியர் டெபோரா ட்ரைஸ்மன் மாதம் ஒரு எழுத்தாளரை அழைக்கிறார். அந்த எழுத்தாளர் தன் கதையைப் பற்றிப் பேசக் கூடாது. பத்திரிகையின் பழைய இதழ்களிலிருந்து வேறொருவர் எழுதிய கதையைத் தேர்ந்தெடுத்து முழுசாகப் படிக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு. எவ்வளவு கெட்டிக்கார ஏற்பாடு பாருங்கள்! கதை நம் காதில் இப்போதுதான் விழுந்திருக்கிறது, பேச்சில் கதை விட முடியாது. படித்தவருக்கு விற்க ஒன்றுமில்லை. எழுதியவர் பல சமயம் உயிரோடில்லை, எனவே தர்மசங்கடமும் இல்லை. ‘அந்த இடத்தில் அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?’ என்ற ரீதியில் ரெண்டு பேர் உண்மையாகவே மண்டையைக் குடைந்துகொள்வதைக் கேட்கலாம்.

கலிபோர்னியாவின் கேசிஆர்டபிள்யூ வானொலியில் 1989 முதல் 2022 வரை ‘புக்வேர்ம்’ நடத்திய மைக்கேல் சில்வர்ப்ளாட் இன்னொரு வகை. எழுத்தாளர் வருவதற்கு முன் அவர் எழுதிய அத்தனையையும் படித்துவிட்டு உட்காருவார். கேள்விகள் நீளம், சமயத்தில் பதிலைவிட நீளம். ஆனாலும் எழுத்தாளர்கள் திகைத்துப் போய், ‘இதை இதுவரை யாரும் கவனித்ததில்லை’ என்கிற இடங்கள் வரும். புக்கர் பரிசுக்காரர்களே 2023-ல் ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். நாவலாசிரியர் ஜோ ஹம்யாவும் விமர்சகர் ஜேம்ஸ் வால்ட்டனும் பேசினார்கள். இளம்பெண்ணும் பெரியவரும். எழுத்தாளரை நடுவில் உட்காரவைக்காமல் அவர்கள் இருவருமாகவே ஒரு புத்தகத்தைப் பிரித்து மேய்ந்த நாட்களில் நன்றாக இருந்தது. பரிசு கொடுக்கும் நிறுவனத்தின் சொந்த நிகழ்ச்சி, எனவே பரிசே தப்பு என்று சொல்லுமளவுக்குப் போக முடியாது என்பதை நாமே கழித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இந்தக் கழிவு ராக்கெட் பக்கமும் உண்டு. நாசாவின் ஜான்சன் விண்வெளி மையம் 2017-லிருந்து ‘ஹூஸ்டன் வி ஹாவ் எ பாட்காஸ்ட்’ நடத்துகிறது. விண்வெளி உடை தைப்பவர் முதல் கழிவறை வடிவமைப்பவர் வரை வந்து பேசுகிறார்கள். தகவலுக்குத் தங்கச் சுரங்கம். ஆனால் ஒரு ஆபீஸ் தன்னையே பேட்டி எடுத்துக்கொள்ளும்போது கேள்விகளின் முனை கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கும். 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் போயிங் கலத்தில் எட்டு நாள் வேலையாக மேலே போய், கலத்தில் கோளாறாகி, வேறு கம்பெனியின் கலத்தில் 2025 மார்ச்சில் திரும்பினார்கள். 286 நாள். இந்தச் சமாசாரத்தை நாசாவின் வாயாலேயே கேட்பது, மாமியார் மருமகள் சண்டையை மாமியார் வாயால் மட்டும் கேட்பது மாதிரி. தகவல் சரியாகத்தான் இருக்கும்.

இன்னொரு பிரச்னை நீளம். பாட்காஸ்ட்டுக்குக் கடிகாரம் கிடையாது. ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறவை இருக்கின்றன. முதல் இருபது நிமிஷம் நேற்று மழை பெய்தது பற்றி. எடிட்டிங் என்ற ஒரு தொழில் உலகில் உண்டு என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதற்கு மறு எல்லை, பள்ளி மாணவர்கள் ஹாம் ரேடியோவில் விண்வெளி நிலையத்தோடு பேசுவது. நிலையம் மணிக்கு 27,600 கிலோமீட்டர் வேகத்தில் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. ஒரு ஊரின் தொடுவானத்தில் எழுந்து மறு பக்கம் மறைய ஏறக்குறைய பத்து நிமிஷம். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். பையன்களும் பெண்களும் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டு, ‘ஓவர்’ என்று சொல்லி ஒதுங்க வேண்டும். 2025-ல் சுபான்ஷு சுக்லா நிலையத்தில் இருந்தபோது நம் நாட்டு மாணவர்களும் அப்படிப் பேசினார்கள். இந்தப் பத்து நிமிஷங்களில் யாரும் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. தூங்கும்போது மிதந்து போய் முட்டிக்கொள்வீர்களா, பயம் வந்தால் என்ன செய்வீர்கள். குழந்தை கேட்கிற மாதிரி நேராகக் கேட்கிறார்கள். பதில் பாதியில் இருக்கும்போதே குரல் இரைச்சலில் கரைந்துபோவதும் உண்டு. புக்கர் வாங்கியவர்களையும் இப்படிப் பத்து நிமிஷத்துக்குத் தொடுவானத்தில் எழவைத்து மறையவைத்தால் தேவலை.

இரண்டு உலகத்துக்கும் நடுவே பாலம் போட்டவர் என்று ஒரே ஆளைச் சொல்ல வேண்டுமானால் மெல்வின் ப்ராக். பிபிசி ரேடியோ 4-ல் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை 1998-ல் தொடங்கி 2025 வரை நடத்தினார். ஒரு வாரம் ஒரு கவிதை, அடுத்த வாரம் ஒரு கிரகம். மூணு பேராசிரியர்கள், சுமார் முக்கால் மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. யாராவது சுற்றி வளைத்தால் ப்ராக் குறுக்கே விழுந்து, ‘சரி, அது என்ன?’ என்பார். வெடுக்கென்றுதான் இருக்கும். கேட்கிறவனுக்காகத்தான் வெடுக்கென்று இருக்கிறார் என்பது ரெண்டு வாரத்தில் புரிந்துவிடும். ஒலிபரப்பு முடிந்தபின் எதை விட்டுவிட்டோம் என்று கேட்டு இன்னும் சில நிமிஷம் பாட்காஸ்ட்டில் மட்டும் பேசுவார்கள். கடைசியில் தயாரிப்பாளர் உள்ளே வந்து, டீயா காபியா என்று கேட்பார். அந்த உபரி நிமிஷங்களில் பேராசிரியர்கள் டையைத் தளர்த்திக்கொண்டு ரொம்ப அழகாகப் பேசுவார்கள். ஆனால் கடிகாரமும் ப்ராக்கும் கழுத்தைப் பிடித்திருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் சொன்னதுதான் எனக்கு மறுநாளும் ஞாபகம் இருக்கும்.

இதெல்லாம் உனக்கு ஏன்ய்யா, பிடித்தால் கேள், பிடிக்காவிட்டால் விடு என்கிறீர்களா? விஷயம் அவ்வளவு சுலபமில்லை. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் புத்தக மதிப்புரைக்கான பக்கம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பது இந்தப் பேச்சுகள்தான். எழுத்தில் இருந்தபோது விமர்சகர் எழுத்தாளரைப் பார்க்காமல் எழுதினார், மறுநாள் கடைத்தெருவில் முறைத்துக்கொண்டார்கள். இப்போது ஒரே மைக்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். பத்து நாவலில் எது நம் பத்து மணி நேரத்துக்குப் பெறும் என்று சொல்ல, அந்த அறையில் நம் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டாமா?

‘ஆர்பிட்டல்’ விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை ஆதங்கம் என்றால், அந்த நாவலுக்குள்ளேயே நுணுக்கமாகப் படிப்பது எப்படி என்ற பாடம் இருக்கிறது. மூணு இடம். ஒன்றில், அமெரிக்கர் தன்னோடு வெலாஸ்கெஸ் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் அஞ்சலட்டையை வைத்திருக்கிறார். இந்தப் படம் யாரைப் பற்றியது, ராஜாவா, இளவரசியா, வரைகிறவனா, பார்க்கிற நாமா என்ற கேள்வி பல சுற்றுகளுக்குப் பின்தொடர்கிறது. இன்னொன்றில், மைக்கேல் காலின்ஸ் எடுத்த புகழ்பெற்ற போட்டோ. நிலாவிலிருந்து ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் திரும்பி வரும் கலம், பின்னால் பூமி. மனித குலத்தில் காலின்ஸ் ஒருவர் மட்டுமே இல்லாத படம் என்பார்கள். ஹார்வி அதைப் பிடித்து உலுக்குகிறார். பூமியின் மறுபக்கத்தில் இருப்பவர்கள் எங்கே தெரிகிறார்கள்? கலத்துக்குள் இருக்கும் ரெண்டு பேர்தான் தெரிகிறார்களா? யோசித்துப் பார்த்தால், அந்தப் படத்தில் நிச்சயமாக இருக்கிற ஒரே ஆள் அதை எடுத்தவர்தான். அதே காலின்ஸ், 2021-ல் இறப்பதற்கு முன், ‘13 மினிட்ஸ்’ தொடரில் வயதான குரலில் பேசியிருக்கிறார். ரெண்டையும் சேர்த்து வைத்து ஒரு மணி நேரம் பேச யாருக்கும் தோன்றவில்லையா என்ன!

மூன்றாவது இடம், சியேவிடம் இருக்கிற பழைய போட்டோ. அம்மா கடற்கரையில் நிற்கிறாள். பின்னால் நிலாவில் இறங்கிய நாள், 1969 என்று எழுதியிருக்கிறது. அம்மாவின் முகத்தில் இருப்பது பெருமையா, பயமா, வெறுமனே வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா? பொம்பளைகளுக்கு அங்கே வேலையில்லை என்கிறதா, நீயும் ஒரு நாள் போ என்கிறதா அந்த முகம்? பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டே சியே அதற்குப் பதவுரை தேடுகிறாள். கேட்கலாமென்றால் அம்மா இல்லை. ஹூஸ்டனில் அந்த ஜூலை மாதத்தில் ஒரு பையன் 1202-க்கு அர்த்தம் எழுதிவைத்த தாள் மாதிரி, இதற்குத் தாள் எதுவும் கிடையாது.

ஃபாங் மாதிரி ஒருவர், ஸிம்மர் இல்லாமல், இந்த ஒரு போட்டோவுக்கு நாற்பது நிமிஷம் கொடுத்துப் பேசினால் நான் முதல் ஆளாகக் கேட்பேன். அதுவரைக்கும் வேண்டுமானால் நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ‘13 மினிட்ஸ்’ முதல் சீசனை முழுசாக, வரிசை மாறாமல் கேளுங்கள். அது முடிந்தபிறகு ‘ஆர்பிட்டல்’ படியுங்கள். 136 பக்கம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கேட்கும்போது மட்டும் அடுப்பில் எதுவும் வைக்காதீர்கள்.